20 ரூபாயில் நம்பர் தங்குமா?

துண்டிக்கப்பட்ட எண்களையும் வேறொருவர் கைக்குப் போய்விட்ட எண்களையும் வாரத்துக்கு ஒரு முறையாவது யுபிஐ பதிவுகளிலிருந்து களைய வேண்டும். அதற்கான ஏற்பாட்டை 2025 மார்ச் 31-க்குள் முடிக்க வேண்டும் என்று வங்கிகளுக்கும் பணம் அனுப்பும் செயலிகளுக்கும் யுபிஐயை நடத்தும் என்.பி.சி.ஐ. கெடு வைத்தது. கெடு வங்கிகளுக்கு. கலக்கமோ வாசகர்களுக்கு.

வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் சுற்றுகின்றன. ஊரில் அம்மாவிடம் ஒரு பட்டன் போன். ரீசார்ஜ் எப்போதாவதுதான். ஆனால் பாஸ்புக்கிலும் ஆதாரிலும் கேஸ் இணைப்பிலும் பதிந்திருப்பது அந்த நம்பர்தான். அது போய்விடுமா? மெயின் பேலன்ஸில் 20 ரூபாய் இருந்தால் நான்கு மாதம் தாங்கும் என்று 2025 ஜனவரியில் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிய செய்தி நிஜமா?

பாதி நிஜம். மீதிப் பாதியை நம்பி யாரும் சும்மா இருந்துவிடக் கூடாது என்பதால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில், அது புதிய விதி அல்ல. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013 பிப்ரவரியில் கொண்டுவந்த நுகர்வோர் பாதுகாப்பு விதித் திருத்தம் அது. ஒரு ப்ரீபெய்டு எண் பயன்பாட்டில் இல்லை என்பதைக் காரணம் காட்டி, 90 நாள் முடிவதற்குள் அதைத் துண்டிக்கக் கூடாது. 90 நாள் கடந்த பிறகும் கணக்கில் 20 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், அதிலிருந்து 20 ரூபாய்க்கு மிகாமல் கழித்துக்கொண்டு இன்னும் 30 நாள் எண்ணைக் காப்பாற்ற வேண்டும். பேலன்ஸ் தீர்ந்து எண் துண்டிக்கப்பட்டாலும், 15 நாளுக்குள் வந்து கேட்டால் அதே எண்ணைத் திருப்பித் தர வேண்டும். 90-ஐயும் 30-ஐயும் கூட்டினால் 120. வாட்ஸ்அப்பில் வந்த நான்கு மாதக் கணக்கு இங்கிருந்துதான் வந்தது.

இப்போது அந்த விதி எதைச் சொல்லவில்லை என்று பார்க்கலாம். அது காப்பது எண்ணை மட்டுமே. அதாவது, அந்தப் பத்து இலக்கத்தை இன்னொருவருக்கு விற்காமல் உங்கள் பெயரில் வைத்திருப்பது. அந்த எண்ணுக்கு அழைப்பு வருமா, வங்கியின் ஓடிபி வந்து சேருமா என்பதை அந்த விதி தீர்மானிப்பதில்லை. அதைத் தீர்மானிப்பது வேலிடிட்டி. நிறுவனங்கள் அதைச் சேவைக் காலம் என்கின்றன. நடைமுறையில் அது முன்கூட்டியே கட்டும் வாடகை. வாடகைக் காலம் முடிந்ததும் அவுட்கோயிங் நிற்கும். சில நாள் கழித்து இன்கமிங்கும் நிற்கும். பேலன்ஸில் பணம் கிடந்தாலும் அது கைகொடுக்காது.

இனிதான் மனதைக் குடையும் இடம். 90 நாள் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது? கடைசிப் பயன்பாட்டிலிருந்து. ஒரு அழைப்பு வந்து அதை எடுத்துப் பேசினாலே அது பயன்பாடுதான். அப்படியானால், தினமும் மகளின் அழைப்பை எடுத்துப் பேசும் ஒரு தாயின் எண், அவர் ஒரு பைசா செலவழிக்காவிட்டாலும், பயன்பாட்டில் உள்ள எண். ஆனால் வேலிடிட்டி முடிந்து நிறுவனமே இன்கமிங்கை நிறுத்திவிட்டால், அவர் எப்படிப் பேசுவார்? சேவையை நிறுத்தியது நிறுவனம். அன்றிலிருந்து பயன்படுத்தாதவர் என்ற பட்டியலில் ஏறுவதோ வாடிக்கையாளர். பயன்பாடு இல்லாத எண்களைத் துண்டிக்கிறோம் என்று நிறுவனங்கள் சொல்லும்போது, அந்தப் பயன்பாட்டை நிறுத்தியது யார் என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

சரி, அந்த 20 ரூபாயையாவது போட்டு வைக்கலாமே என்று கடைக்குப் போனால் அடுத்த சிக்கல் காத்திருக்கிறது. அன்லிமிடெட் பேக் போடுகிறவர்களின் மெயின் பேலன்ஸ் பெரும்பாலும் பூஜ்யம்தான். 299 ரூபாய் கட்டினாலும் 3,000 ரூபாய் கட்டினாலும் அந்தக் கணக்கில் ஒரு ரூபாய்கூட ஏறாது. அதில் பணம் ஏற வேண்டுமானால் தனியாக டாப்-அப் செய்ய வேண்டும். 20 ரூபாய் டாப்-அப் செய்தால் கிடைப்பது 14 ரூபாய் 95 காசு. 18 சதவீத ஜிஎஸ்டியாக 3 ரூபாய் 5 காசு கழிகிறது. மீதியிலிருந்து செயல்பாட்டுக் கட்டணம் என்று 2 ரூபாய் போகிறது. டாப்-அப் விலையில் 10 சதவீதம் அல்லது 3 ரூபாய், இதில் எது குறைவோ அதை எடுத்துக்கொள்ள டிராயே அனுமதித்திருக்கிறது. ஆக, 20 ரூபாய் கட்டியவருக்கு 20 ரூபாய் விதியின் பாதுகாப்பு கிடைக்காது. 5 ரூபாய் 5 காசு குறைகிறது.

50 ரூபாய் போட்டால் 39 ரூபாய் 37 காசு ஏறும். 10 ரூபாய் டாப்-அப்பில் 7 ரூபாய் 47 காசு ஏறும். அதை மூன்று முறை செய்தால் 22 ரூபாய் 41 காசு சேர்ந்துவிடும். ஆகவே, விதி கேட்கும் 20 ரூபாயைச் சேர்க்கக் குறைந்தது 30 ரூபாய் கட்ட வேண்டும். இந்தக் கணக்கை எந்த நிறுவனத்தின் விளம்பரத்திலும் பார்க்க முடியாது.

2013-இல் இந்த விதியை எழுதியவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அன்றைக்குப் பலரிடம் லைஃப்டைம் வேலிடிட்டி சிம் இருந்தது. எல்லாரும் டாப்-அப் போட்டுப் பேசினார்கள். மெயின் பேலன்ஸில் எப்போதும் ஏதாவது கிடந்தது. ஜியோ வந்தது 2016 செப்டம்பரில். அதன் பிறகு விலைப்பட்டியலின் அமைப்பே மாறிப்போனது. விதி மட்டும் பழைய பேலன்ஸைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

இன்கமிங்குக்குக்கூட வாடகை என்ற நிலை எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒருவருக்கு வேறு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தால், அழைத்தவரின் நிறுவனம் அழைக்கப்பட்டவரின் நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு 14 பைசா கொடுத்துவந்தது. 2017 அக்டோபரில் அது 6 பைசா ஆனது. 2021 ஜனவரி 1 முதல் ஒன்றுமில்லை. 14 பைசா வந்தவரை, பேசவே பேசாமல் அழைப்பை மட்டும் எடுக்கும் தாத்தாவால்கூட நிறுவனத்துக்கு வருமானம் இருந்தது. அது வற்றத் தொடங்கியதும் அவர் சுமையாகிவிட்டார். 2018 கடைசியில் ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் 28 நாளுக்கு 35 ரூபாய் என்ற குறைந்தபட்ச ரீசார்ஜைக் கொண்டுவந்தன. பேலன்ஸில் போதிய பணம் வைத்திருந்தவர்களுக்கும் சேவை நின்றுவிடும் என்று குறுஞ்செய்தி போனது. புகார்கள் குவிந்தன. பேலன்ஸ் இருப்பவர்களைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, என்னென்ன வழிகள் உண்டு என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று அந்த நவம்பரில் டிராய் தலையிட்டது. ஆனால் குறைந்தபட்ச ரீசார்ஜ் என்ற ஏற்பாடு அப்படியே நிலைத்துவிட்டது.

அன்று 35. ஏர்டெல்லில் அது 2021-இல் 99 ஆனது. 2024 ஜூலையில் மூன்று தனியார் நிறுவனங்களும் அடுத்தடுத்த நாள்களில் கட்டணத்தை உயர்த்திய பிறகு 28 நாளுக்கு 199. ஒரு வாடிக்கையாளரிடமிருந்து மாதத்துக்குச் சராசரியாக 300 ரூபாய் வர வேண்டும் என்று ஏர்டெல் தலைவர் சுனில் மிட்டல் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். 2024 டிசம்பர் காலாண்டில் அது 245 ரூபாயைத் தொட்டது. மீதி 55 ரூபாய் எங்கிருந்து வரும் என்பதை வாசகர்கள் ஊகிக்கலாம்.

இந்தப் பின்னணியில்தான் 2024 டிசம்பர் 23 அன்று டிராய் ஒரு நல்ல காரியம் செய்தது. டேட்டாவே வேண்டாம், பேசினால் போதும் என்கிறவர்களுக்காக, குரல் அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட ஒரு திட்டமாவது ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும் என்று விதி செய்தது. பட்டன் போன் வைத்திருப்பவர்கள், வீட்டில் வைஃபை உள்ள முதியவர்கள், இரண்டாவது சிம் வைத்திருப்பவர்கள் என்று கோடிக்கணக்கானோர் பயன்படுத்தாத டேட்டாவுக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதை அந்த விதி ஒப்புக்கொண்டது. தேவையில்லை என்று நிறுவனங்கள் எதிர்த்தன. டிராய் அசையவில்லை.

அசையாத டிராய், விலையை மட்டும் தொடவில்லை. தொலைபேசிக் கட்டணங்களை நிறுவனங்களே நிர்ணயிக்க விட்டுவிட்டு ஒதுங்கி நிற்பது அதன் நெடுநாள் கொள்கை. புதிய திட்டத்தை அறிமுகப்படுத்திய 7 வேலை நாளுக்குள் தகவல் சொன்னால் போதும். திட்டத்தின் காலத்துக்கும் விதியில் உச்சவரம்பு மட்டும்தான்: 365 நாளுக்கு மிகக் கூடாது. குறுகிய காலத் திட்டம் ஒன்றும் வேண்டும் என்று அதில் இல்லை.

விளைவு 2025 ஜனவரியில் தெரிந்தது. ஏர்டெல்லில் 84 நாளுக்கு 6 ஜிபி டேட்டாவோடு 509 ரூபாய்க்கு ஒரு திட்டம் இருந்தது. டேட்டாவை எடுத்துவிட்டு அதற்கு 499 ரூபாய் விலை வைத்தார்கள். 6 ஜிபியின் மதிப்பு 10 ரூபாய். விலைகளை ஆராயப்போவதாக டிராய் சொன்ன சில நாள்களில் அது 469 ஆக இறங்கியது. ஜியோ 458 என்று தொடங்கி 448-க்கு வந்தது. ஆனால் 479 ரூபாய்க்கு 84 நாளும் 6 ஜிபியும் தந்துவந்த அதன் பழைய திட்டம் அதே சமயத்தில் காணாமல் போனது. 31 ரூபாய் குறைந்தது. வாடிக்கையாளருக்கு இருந்த ஒரு தேர்வும் கூடவே போனது.

ஆண்டுத் திட்டங்கள் அப்போது ஜியோவில் 336 நாளுக்கு 1,748 ரூபாய். ஏர்டெல்லில் 365 நாளுக்கு 1,849. நாள் கணக்கில் பார்த்தால் 5 ரூபாய்க்குச் சற்று மேல்தான். நிறுவனங்கள் காட்டுவதும் அந்தக் கணக்கைத்தான். ஆனால் ஏழைக் குடும்பம் நாள் கணக்கில் கட்ட முடிவதில்லை. மொத்தமாக எண்ணி வைக்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் அப்போது மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் வாங்கிய பெண், அந்தத் தொகை வங்கிக்கு வந்த செய்தியைப் பார்க்கும் போனுக்கு ஒரே தடவையில் 448 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. இந்த இரு நிறுவனங்களிலும் அதற்குக் குறைந்த விலையில் குரலுக்கு மட்டுமான திட்டம் அப்போது இல்லை. 28 நாளுக்கோ 30 நாளுக்கோ மலிவான குரல் திட்டம் ஒன்றும் கட்டாயம் என்று விதியில் ஒரு வரி சேர்த்திருந்தால், அது யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களைச் சென்று சேர்ந்திருக்கும். அந்த வரியை இப்போதும் சேர்க்கலாம். டிராய் சேர்க்க வேண்டும்.

வாசகர்களின் மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

28 நாள் வேலிடிட்டியால் ஆண்டுக்கு 13 ரீசார்ஜ் ஆகிறதே, வழியில்லையா? 2022 ஜனவரி ஆணைப்படி 30 நாள் திட்டமும், மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டமும் ஒவ்வொரு நிறுவனத்திலும் இருக்க வேண்டும். செயலியில் முதலில் கண்ணில் படாது, தேடுங்கள்.

கேட்காமலே காலர் ட்யூன், ஜோசியம் என்று பணம் போகிறதா? 155223 கட்டணமில்லா எண். உங்களிடம் இரண்டு முறை சம்மதம் வாங்காமல் அப்படிப்பட்ட சேவையைத் தொடங்கக் கூடாது என்பது 2013 முதல் விதி.

வேறு நிறுவனத்துக்கு மாற வேண்டுமா? 1900-க்கு போர்ட் கோரும் எஸ்எம்எஸ் அனுப்பும் வசதியை, எவ்வளவு மலிவான திட்டத்தில் இருந்தாலும் மறுக்கக் கூடாது என்று 2021 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டிருக்கிறது.

எண் போய்விட்டால் எப்போது இன்னொருவருக்குத் தருவார்கள்? துண்டித்த நாளிலிருந்து 90 நாள் வரை தருவதில்லை. அதற்குள் வங்கியிலும் ஆதாரிலும் எண்ணை மாற்றிவிடுங்கள்.

டிராயிடம் புகார் செய்யலாமா? தனிநபர் புகார்களை அது விசாரிப்பதில்லை. முதலில் நிறுவனத்தின் 198 எண்ணில் புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போகலாம். அவரும் நிறுவனத்தின் ஏற்பாடுதான் என்பதால் அங்கேயே நின்றுவிட வேண்டியதில்லை. தொலைபேசிப் புகார்களை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். ரீசார்ஜ் செய்ததும் வரும் குறுஞ்செய்திகளையும், வேலிடிட்டி முடிகிறது என்று வரும் எச்சரிக்கைகளையும் அழிக்காமல் வையுங்கள். அங்கே அவைதான் சாட்சி.