உயரமும் நேரமும் அறிந்த வரைபடம்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஆனால் இங்கே பெய்யும் மழை ஒரே வழியில் போவதில்லை. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் தண்ணீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து ரெட்டேரிக்கும் போகும். ஆவடி பருத்திப்பட்டு ஏரியின் உபரி நீர் கூவத்தில் சேரும். பூந்தமல்லி அருகே உள்ள செம்பரம்பாக்கம் ஏரியின் மதகுகளைத் திறந்தால் வெள்ளம் அடையாற்றில் பாயும். எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு, எவ்வளவு ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும் என்பதுதான் மழைக்காலத்தில் நமக்குத் தெரிய வேண்டியது. தாளில் அச்சிட்ட வரைபடத்தில் அதற்குப் பதில் கிடையாது. ஜிஐஎஸ் எனப்படும் புவியியல் தகவல் அமைப்பு அந்தப் பதிலைத் தர முயல்கிறது.

ஜிஐஎஸ் என்பது என்ன?

சாலை, ஏரி, கால்வாய், கட்டடம், மண் வகை என ஒவ்வொன்றையும் தனித்தனி அடுக்காகக் கணினியில் பதிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கணக்கிடுவதே ஜிஐஎஸ். நில வளங்களைக் கணக்கெடுக்க 1960-களில் கனடாவில் ராஜர் டாம்லின்சன் இதைத் தொடங்கிவைத்தார். தொடக்கத்தில் அது நீளம், அகலம் என்ற இரண்டு அளவுகளை மட்டுமே அறிந்திருந்தது. வெள்ளத்தைப் புரிந்துகொள்ள மூன்றாவதாக உயரமும் நான்காவதாக நேரமும் தேவை. இவ்விரண்டையும் சேர்ப்பதுதான் இத்துறையின் இன்றைய பெரிய வேலை.

உயரம் ஏன் இவ்வளவு கடினம்?

சென்னையின் நிலம் தாம்பாளம்போல் தட்டையானது. அரை மீட்டர் ஏற்ற இறக்கத்தில் ஒரு தெரு மூழ்கும், அடுத்த தெரு தப்பும். 2000-ல் அமெரிக்க விண்வெளி ஓடம் ரேடார் மூலம் எடுத்த உலக உயரத் தரவு யார் வேண்டுமானாலும் பயன்படுத்தக் கிடைக்கிறது. ஆனால் அதில் சில மீட்டர் பிழை சாதாரணம். மலைநாட்டுக்கு அது போதும், அம்பத்தூருக்குப் போதாது. 2005-ல் இந்தியா ஏவிய கார்ட்டோசாட்-1 இரண்டு கேமராக்களால் ஒரே இடத்தை இரு கோணங்களில் படமெடுத்து உயரத்தைக் கணிக்க வழிசெய்தது. தெரு அளவில் நம்பகமான உயரம் வேண்டுமானால் விமானத்திலிருந்தோ ட்ரோனிலிருந்தோ லேசர் கதிரைப் பாய்ச்சி அளக்கும் லிடார் வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. செயற்கைக்கோள்கள் உயரத்தை அளப்பது பூமியின் வடிவத்துக்கான ஒரு கணித உருவத்திலிருந்து, கடல்மட்டத்திலிருந்து அல்ல. சென்னைப் பகுதியில் கடல்மட்டம் அந்த உருவத்தைவிட 80 மீட்டருக்கும் அதிகமாகக் கீழே இருக்கிறது. இதைச் சரிசெய்யாமல், ஒரு துறை கடல்மட்டத்திலிருந்தும் இன்னொரு துறை அந்த உருவத்திலிருந்தும் அளந்த தரவுகளைச் சேர்த்தால் தண்ணீர் மேட்டை நோக்கி ஓடுவதாகக் கணினி சொல்லிவிடும்.

நேரம் சேரும்போது

2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய 24 மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை கொட்டியது. ஏரியின் கொள்ளளவு 3.645 டிஎம்சி. அன்றிரவு திறந்துவிடப்பட்ட நீர் விநாடிக்கு 29,000 கன அடியை எட்டியது. இவ்வளவு நீரும் மற்ற ஏரிகளின் உபரியும் அடையாற்றில் எந்த நேரத்தில் எங்கே ஒன்றுசேரும், அப்போது கடலில் ஓதம் ஏறியிருக்குமா இறங்கியிருக்குமா என்பதை மணிக்கு மணி கணக்கிட்டால்தான் பயனுண்டு.

அந்த வெள்ளப் பேரழிவுக்குப் பிறகு ஐஐடி பம்பாய், ஐஐடி மெட்ராஸ், அண்ணா பல்கலைக்கழகம், தேசிய கடலோர ஆய்வு மையம் உள்ளிட்ட நிறுவனங்கள் சேர்ந்து சென்னைக்கென சி-ஃப்ளோஸ் என்ற வெள்ள எச்சரிக்கை அமைப்பை உருவாக்கின. மழை, ஆற்றோட்டம், கடலோதம் மூன்றையும் அது இணைத்துப் பார்க்கிறது. வெள்ளம் வரும் நேரத்தில் முழுக் கணக்கையும் போட்டுக்கொண்டிருந்தால் எச்சரிக்கை தாமதமாகும். அதனால் ஏறத்தாழ 800 வெள்ளச் சூழல்களை முன்கூட்டியே கணித்துச் சேமித்துவைத்து, பெய்யப்போகும் மழைக்கு நெருக்கமானதை எடுத்துக் காட்டுகிறது.

உண்மையான சவால்

இத்தகைய அமைப்பு உருவான பிறகும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்து தொழிற்கூடங்களில் இயந்திரங்கள் மூழ்கின. கணினித் திறன் வளர்ந்துகொண்டே போனாலும், அதற்கு நாம் கொடுக்கும் தகவல் விரைவில் பழையதாகிவிடுகிறது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுச் சாலை போட்டால் தெரு உயர்ந்து வீடுகள் பள்ளமாகின்றன. சிறுபாலத்தில் குப்பை அடைத்துக்கொள்கிறது. வரத்துக் கால்வாய்மேல் கட்டடம் எழுகிறது. போன வருடம் சரியாக இருந்த வரைபடம் இந்த வருடம் தவறிவிடுகிறது.

தரவுகளும் பல கைகளில் சிதறிக் கிடக்கின்றன. அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியில் இருக்கிறது. ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி. பூந்தமல்லி நகராட்சி. பெரிய ஏரிகள் நீர்வளத் துறையிடமும் பெருஞ்சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடமும் உள்ளன. ஒரே ஓடையின் தலைப்பகுதி ஒரு அலுவலகக் கோப்பிலும் கடைப்பகுதி இன்னொரு அலுவலகக் கோப்பிலும் இருந்தால் எந்த மென்பொருளாலும் அதை ஒட்டவைக்க முடியாது.

2022-ன் தேசிய புவிசார் கொள்கை, நாடு முழுவதற்கும் துல்லியமான உயரத் தரவை 2030-க்குள் உருவாக்க இலக்கு வைத்திருக்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் ஒருமுறை அளந்து மூடிவைத்தால் பயனில்லை. சாலை போட்டதும், மழைநீர் வடிகால் கட்டியதும் அதன் மட்டத்தை அளந்து பொதுவான தரவுத்தளத்தில் ஏற்றிய பிறகே ஒப்பந்ததாரருக்குப் பணம் தர வேண்டும். எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்ற கணிப்பு, அதிகாரிகளின் திரைக்கு மட்டுமல்லாமல் அந்தத் தெருவில் குடியிருப்பவரின் கைபேசிக்கும் தமிழில் வந்துசேர வேண்டும். தரைத்தளத்தில் இருப்பவர் பொருள்களை மேலே ஏற்றவும், முதியவர்களை வேறிடம் அழைத்துப் போகவும் சில மணி நேரம் கிடைத்தாலே இத்தனை அறிவியலும் தன் வேலையைச் செய்துவிட்டது என்று பொருள்.