மூளைக்குள் நுழையாத கிருமி, வீங்கும் மூளை

மலேரியாக் கிருமி மூளைத் திசுவுக்குள் போவதே இல்லை. அது ரத்தக்குழாயோடு நின்றுவிடுகிறது. அப்படியிருந்தும் முந்தின நாள் வெறும் காய்ச்சலோடு இருந்த குழந்தை, மறுநாள் வலிப்பு வந்து நினைவிழந்து கிடக்கிறது. இதுதான் மூளை மலேரியா. பலியாவோரில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள்.

இதற்குக் காரணம் பால்சிபாரம் என்ற வகைக் கிருமி. அது குடியேறிய சிவப்பணுவின் மேல் நுண்ணிய முடிச்சுகள் கிளம்பும். அவற்றிலுள்ள புரதம் ரத்தக்குழாயின் உட்சுவரைப் பிடித்துக்கொள்ளும். ஓடும் ரத்தத்தோடு மண்ணீரலுக்குப் போனால் அழிவு நிச்சயம் என்பதால், கிருமிக்கு இது தப்பிக்கும் வழி. ஏறத்தாழ 48 மணி நேரத்துக்கு ஒருமுறை சிவப்பணுக்கள் வெடித்து, கிருமியின் கழிவு ரத்தத்தில் கொட்டுகிறது. நோயெதிர்ப்பு அணுக்கள் உடனே டிஎன்எஃப் முதலான அழற்சிப் பொருள்களைச் சுரக்கின்றன. சிக்கல் இங்கேதான். டிஎன்எஃப் பட்டதும் குழாய்ச் சுவரில் ஐகேம்-1 என்ற ஒட்டுப் புரதம் பெருகுகிறது; இன்னும் அதிக சிவப்பணுக்கள் வந்து ஒட்டி, மூளையின் குழாய்களை அடைக்கின்றன. கிருமியை விரட்டக் கிளம்பிய உடலே அதற்கு இடம் போட்டுக் கொடுக்கிறது. சுவர் கசியத் தொடங்குகிறது, மூளை வீங்குகிறது. மண்டையோட்டுக்குள் வீங்க இடம் ஏது?

மலாவி நாட்டின் பிளான்டயர் நகரில் இந்த நோய் வந்த குழந்தைகளை எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வு 2015இல் வெளியானது. இறந்த 25 குழந்தைகளில் 21 பேருக்கு மூளை கடுமையாக வீங்கியிருந்தது. வீக்கம் மூளைத்தண்டை அழுத்தினால் மூச்சு நின்றுவிடும். அங்கே மருத்துவர்கள் விழித்திரையையும் பார்ப்பார்கள். வெளுத்த திட்டுகள், சிறு ரத்தக்கசிவுகள், நிறம் மாறிய குழாய்கள் தெரிந்தால் மூளையிலும் அடைப்பு இருக்கிறது என்று பொருள். மூளைக் குழாய்களில் நடப்பதைக் கண் வழியே காண முடிவது பெரிய வசதிதான்.

அழற்சிதான் காரணம் என்றால் அதை அடக்கிவிட்டால் போதுமே என்று தோன்றும். அதையும் செய்து பார்த்தார்கள். தாய்லாந்தில் அழற்சியை அடக்கும் டெக்சாமெத்தசோன் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 1982இல் வந்தது: இறப்பு குறையவில்லை, கோமா நீண்டது, நிமோனியாவும் குடல் ரத்தக்கசிவும் கூடின. காம்பியாவில் டிஎன்எஃப்பைத் தடுக்கும் மருந்தும் உயிரைக் காக்கவில்லை; பிழைத்தவர்களிடம் நரம்புக் குறைபாடுகள் அதிகமாயின. எதிர்ப்பாற்றலை மொத்தமாக முடக்குவது தவறான வழி என்றே இதிலிருந்து எனக்குப் படுகிறது.

இன்றைக்குக் கைகொடுப்பது ஆர்ட்டிசுனேட் ஊசி. 2010இல் வெளியான ஆப்பிரிக்க ஆய்வில், கடும் மலேரியா கண்ட குழந்தைகளில் பழைய மருந்தான குயினின் பெற்றவர்களில் 10.9 சதவீதம் பேரும், ஆர்ட்டிசுனேட் பெற்றவர்களில் 8.5 சதவீதம் பேரும் இறந்தார்கள். கிருமியைச் சீக்கிரம் கொன்றால் அழற்சிக்கும் தீனி குறையும். ஆனால் பிழைத்த குழந்தைகளில் சிலருக்குக் காக்காய் வலிப்பும் படிப்பில் தடுமாற்றமும் தங்கிவிடுகின்றன.

ஆப்பிரிக்காவுக்கோ, பால்சிபாரம் உள்ள ஒடிசா, சத்தீஸ்கர் காட்டுப் பகுதிகளுக்கோ போய்வந்தபின் காய்ச்சல் கண்டால் அன்றே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். போன ஊரை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பிதற்றலோ மயக்கமோ வலிப்போ வந்தால் மருந்துக்கடை வாசலில் நிற்க வேண்டாம். நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.