மனச்சோர்வும் மூளையின் வாய்க்கால்களும்

விடிந்து வெகுநேரமாகியும் பாயை விட்டு எழும்பாதவரைச் சோம்பேறி என்கிறோம். பிள்ளையின் சிரிப்பைக் கண்டும் முகம் மலராத தாயைக் கல்நெஞ்சுக்காரி என்கிறோம். வேறு சிலர் செய்வினை என்று சொல்லி நூல் கட்ட அழைத்துச் செல்கின்றனர். காணியையும் வீட்டையும் விட்டு இடம்பெயர்ந்த குடும்பங்களிடையே இத்தகைய பேச்சுக்கள் புதியவையல்ல.

இழந்ததை நினைத்துக் கவலைப்படுவது இயல்பு. ஆனால் இரண்டு கிழமைக்கு மேலாக மனம் இருண்டிருப்பதும், எதிலும் விருப்பம் அற்றுப்போவதும், நித்திரையும் பசியும் கெடுவதும், 'நான் ஒன்றுக்கும் உதவாதவன்' என்ற எண்ணம் ஓயாது வருவதும் மனச்சோர்வு நோயின் அறிகுறிகளாகும். இந்நோயில் மூளைக்குள் நடப்பது என்ன?

மூளையின் நீர்ப்பாசனம்

குளத்தின் கீழுள்ள வயல்களை எண்ணிப் பாருங்கள். மண் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. துரிசு திறந்து, வாய்க்கால் வழியே, முறைப்படி தண்ணீர் வரவேண்டும். மூளையின் பகுதிகளும் தனித்தனியே இயங்குவதில்லை. ஒன்றோடொன்று தொடர்புகொண்டே வேலை செய்கின்றன.

இத்தொடர்புகளை எம்.ஆர்.ஐ. ஸ்கான் கருவியின் துணையுடன் அறியலாம். மூளையின் ஒரு பகுதி வேலை செய்யும்போது அங்கே இரத்தத்திலுள்ள ஒட்சிசனின் அளவு மாறுகிறது. அம்மாற்றத்தைக் கருவி பதிவு செய்கிறது. 1995 இல் பாரத் பிஸ்வாலும் அவரது குழுவினரும், சும்மா படுத்திருப்பவரின் மூளையிலும் கையசைவுக்குரிய இடப்பக்க, வலப்பக்கப் பகுதிகள் ஒன்றாகவே ஏறியிறங்குவதைக் கண்டனர். அவ்வாறு ஒன்றாக ஏறியிறங்கும் பகுதிகளை இணைப்புள்ளவை என்பர்.

2001 இல் அமெரிக்காவின் மார்க்கஸ் ரெய்க்கலும் குழுவினரும் மற்றொன்றை விளக்கினர். நாம் வேலையின்றி இருக்கும்போது கூடுதலாக இயங்கும் பகுதிகள் சில உண்டு. நம்மைப் பற்றியும் நடந்துபோனவை பற்றியும் எண்ணும்போது இயங்குபவையும் இவையே.

நோயாளரில் கண்டவை

2007 இல் மைக்கேல் கிரீசியஸ் குழுவினர், நெற்றிக்குப் பின்னே ஆழத்தில் உள்ளதும் துயர உணர்வோடு தொடர்புடையதுமான ஒரு பகுதி, மனச்சோர்வுற்றவர்களில் மேற்சொன்ன வலையமைப்புடன் மிகுதியாக இணைந்திருப்பதைக் கண்டனர். நோய் நீண்டகாலம் நீடித்தவர்களில் அந்த இணைப்பும் கூடுதலாக இருந்தது. 2015 இல் 556 நோயாளரின் பதிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, கவனத்தைக் கட்டுப்படுத்தும் பகுதிகளிடையே இணைப்புக் குறைந்தும், தன்னைப் பற்றி எண்ணும் பகுதிகளிடையே கூடியும் இருந்தன. தண்ணீர் ஒரே வாய்க்காலில் சுற்றிக்கொண்டிருக்க, மற்ற வயல்கள் காய்வதைப் போன்றது இது.

ஆனால் எல்லா ஆய்வுகளும் ஒன்றையே சொல்லவில்லை. 2019 இல் சீனாவில் 1,300 நோயாளரினதும் நோயற்ற 1,128 பேரினதும் பதிவுகளைத் திரட்டிய ஆய்வில், நோய் திரும்பத் திரும்ப வந்தவர்களில் அதே வலையமைப்பின் இணைப்புக் குறைந்தே காணப்பட்டது. அக்குறைவு மருந்து உட்கொள்வதோடு தொடர்புடையதாகவும் தெரிந்தது. ஆகவே மனச்சோர்வு எல்லோர் மூளையிலும் ஒரே அச்சாக இருப்பதில்லை.

நாம் அறிய வேண்டியவை

முதலாவது, இது சோம்பலோ மனவுறுதிக் குறைவோ அன்று. "யோசியாதே, எழும்பி வேலையைப் பார்" என்பது, தண்ணீர் வராத வயலைப் பார்த்துப் பச்சையாகு என்பதற்குச் சமம்.

இரண்டாவது, இந்நோயைக் கண்டறிய ஸ்கான் தேவையில்லை. மேற்சொன்ன வேறுபாடுகள் பலருடைய பதிவுகளின் சராசரியிலே தெரிபவை. ஒருவரின் படத்தை மட்டும் பார்த்து 'இவருக்கு மனச்சோர்வு' என்று கூறமுடியாது. வேறு நோய் உண்டோ என அறிய வைத்தியர் ஸ்கான் கேட்டால் அது வேறு விடயம். மனச்சோர்வைப் படத்தில் பார்ப்பதற்காகத் தாலிக்கொடியை அடகு வைக்க வேண்டாம். வைத்தியர் நோயாளரோடு பொறுமையாகப் பேசியே இதனை அறிகிறார்.

மூன்றாவது, மூளையின் இணைப்புகள் சீமெந்தால் கட்டிய வாய்க்கால்கள் அல்ல, அவை மாறக்கூடியவை. உளவளத் துணையும் குளிசைகளும் பலருக்குக் குணமளித்துள்ளன. குளிசையின் பலன் தெரியச் சில கிழமைகள் செல்லும். வைத்தியரைக் கேளாமல் இடையில் நிறுத்தலாகாது.

நான்காவது, மூளையைப் பற்றி அறிந்துகொண்டதால் காணியும் தொழிலும் பெரிதல்ல என்று எவரும் கூறலாகாது. இழப்பும் வறுமையும் தனிமையும் இந்நோய்க்கு வழிவகுக்கின்றன. சிகிச்சையும் வேண்டும், வாழ்வாதாரமும் வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை

நோயுற்றவரைக் குற்றம் சாட்டாது அருகிலிருந்து கேளுங்கள். நான்கு கத்தரிக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சிறு வேலையை அவரோடு சேர்ந்து செய்யுங்கள். சாக வேண்டுமென்று அவர் சொன்னால் விளையாட்டாக எண்ணாதீர்கள். கிருமிநாசினியை வீட்டிலிருந்து அகற்றுங்கள். அவரைத் தனியே விடாது உடனே அரசினர் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் அழைக்கலாம்.

வாய்க்கால் தூர்ந்தால் ஊரே மண்வெட்டியோடு கூடுகிறது. எவரும் வயலைப் பழிப்பதில்லை. மனம் சோர்ந்தவருக்கும் அவ்வாறே கூடுவோம்.