நாக்கில் குறையில்லை, பேச்சு ஏன் தடம் மாறுகிறது?

ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலையேறி, காவலூர் வானாய்வு நிலையத்துக்குப் பேருந்தில் சென்றதுண்டா? ஓட்டுநர் சட்டென்று பிரேக் போட்டால் பேருந்து நின்றுவிடும். நாமோ முன்னே சாய்வோம். காரணம், நீங்கள் படித்த நிலைமம்தான்.

இதே விதி தலைக்குள்ளும் செயல்படுகிறது. சுமார் 1.4 கிலோகிராம் எடையுள்ள மூளை, மண்டையோட்டுக்குள் ஒரு திரவத்தில் மிதக்கிறது. இருசக்கர வண்டியிலிருந்து விழுபவரின் தலை தரையில் மோதி நிற்கும். மூளையோ நிற்காமல் நகர்ந்து எலும்பில் மோதும். தலை வேகமாகச் சுழன்றால் மெல்லிய நரம்பிழைகளும் இழுபட்டுச் சிதையும். வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதை மறவாதீர்கள்!

பெரும்பாலும் அடிபடுபவை, நெற்றிக்குப் பின்னும் காதோரத்திலும் உள்ள மூளைப் பகுதிகள். கவனம், நினைவு, திட்டமிடல் ஆகியவற்றில் இவற்றுக்குப் பெரும் பங்குண்டு. ஆகவே வெளிக்காயம் ஆறிய பிறகும் ஒரு விந்தை நிகழலாம். சொற்கள் தெளிவாக வரும். ஆனால் தொடங்கிய பேச்சு பாதியில் வழி தவறும். சொன்னதையே மீண்டும் சொல்வார். கேலியை மெய்யென்று நம்புவார். அவர் மாணவராயின், "சோம்பேறி", "திமிர் பிடித்தவன்" என்ற பட்டங்கள் கிடைக்கும். உண்மையில் இது குணக்கேடு அன்று; அறிவாற்றல் சார்ந்த தொடர்புக் குறைபாடு. மூளையின் வலப்பாதியைத் தாக்கும் பக்கவாதத்தாலும் இது வரலாம்.

இதற்கு மருத்துவம் உண்டா? உண்டு. இங்கே மாத்திரையைவிடப் பயிற்சியே முதன்மையானது. பேச்சுப் பயிற்சியாளர் முதலில் எந்தத் திறன் குறைந்துள்ளது என்று சோதிப்பார். மறதிக்கு நாட்குறிப்பும் அலாரமும் துணை. ஒரு செய்தியை வரிசையாகச் சொல்லவும், எதிரில் இருப்பவர் முகக்குறிப்பை அறியவும் பழக்குவார். வீட்டாருக்கும் பாடம் உண்டு: தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பேசுதல், ஒரு நேரத்தில் ஒரே செய்தி, பதிலுக்குப் பொறுமையாகக் காத்திருத்தல்.

இத்தகைய உதவி இம்மலைக்கு வெகு தொலைவில் இல்லை. வடக்கே வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். 1954இல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்தும், சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவைச் சிகிச்சை செய்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். அவரது முயற்சியால் 1966இல் அங்கு மறுவாழ்வு நிலையம் உருவானது. அறுவைக் கத்தியோடு மருத்துவம் முடிவதில்லை என்பதற்கு அது சான்று.

தலைக்கவசம் மோதலின் நேரத்தை நீட்டி, விசையைக் குறைக்கிறது. தவறாமல் அணியச் சொல்லுங்கள். தலையில் அடிபட்டு வகுப்புக்குத் திரும்பிய தோழன் தடுமாறினால் கேலி செய்யாதீர்கள். ஆசிரியரிடம் எடுத்துக் கூறுங்கள்; உங்கள் குறிப்பேட்டையும் அவனுக்குக் கொடுங்கள். அதுவும் மருத்துவத்தின் ஒரு பகுதியே!