விலையில் வெல்ல முடியாத தீவுகள்

இந்தியப் பெருங்கடலில் இலங்கை, மாலத்தீவு, சீஷெல்ஸ், மொரிசியஸ் ஆகிய நான்கு நாடுகளும் வெண்மணலையும் வெயிலையும் பவளப்பாறைக் கடலையும் ஏறத்தாழ ஒரே பயணிகளிடம் விற்க முயல்வதால், அவற்றுக்கிடையே போட்டி தவிர்க்க இயலாததாகிறது. இப்போட்டியில் விலையைக் குறைப்பது சிறிய தீவுகளுக்கு எளிதன்று. வயலும் மலைத்தோட்டமும் கொண்ட இலங்கை தன் விருந்தினரின் உணவில் பெரும்பகுதியைத் தானே விளைவித்துக்கொள்ள, மாலத்தீவோ அரிசி, காய்கறி, எரிபொருள், கட்டுமானப் பொருள் எனப் பெரும்பாலானவற்றைக் கடல் கடந்து வரவழைக்க வேண்டியுள்ளது.

இக்குறையையே சிறப்பாக மாற்றியதுதான் 1972இல் குரும்பா விடுதியுடன் தொடங்கிய மாலத்தீவுச் சுற்றுலாவின் தனித்தன்மை. மக்கள் வாழாத ஒரு தீவு முழுவதையும் ஒரே விடுதிக்குக் குத்தகைக்கு விடும் முறை, அண்டை நாடுகளால் எளிதில் பின்பற்ற முடியாத தனிமையை விலைப்பொருளாக்கியது. ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. பயணி செலவிடும் பணம் இறக்குமதிக்கும் வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்குமாக நாட்டை விட்டு வெளியேறுவதைப் பொருளியலாளர் ‘கசிவு’ என்பர்; அக்கசிவு அங்கு மிகுதியாக இருந்ததோடு, சாதாரணத் தீவுவாசிக்குச் சுற்றுலா எட்டாத தொழிலாகவே பல ஆண்டுகள் நீடித்தது.

மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்களை நடத்த 2009இல் கிடைத்த அனுமதியே இந்நிலையை மாற்றியது. மீனவர் ஊராக இருந்த மாஃபுஷி போன்ற தீவுகளில் உள்ளூர்க் குடும்பங்கள் சிறு விடுதிகளைத் திறந்தன. இஸ்லாமிய நெறிப்படி அங்கு மது கிடையாது, நீச்சலுடைக்கெனத் தனிக் கடற்கரை ஒதுக்கப்பட்டது. இதனால், அதுவரை இலங்கையையோ தாய்லாந்தையோ மட்டும் நாடக்கூடிய நடுத்தர வருவாய்ப் பயணியும் மாலத்தீவுக்கு வரலானார்.

ஒரே நாட்டுப் பயணிகளை நம்பியிராமையும் போட்டியைத் தாங்கும் வலிமையே. 2024 ஜனவரியில் இந்தியப் பிரதமரின் லட்சத்தீவுப் பயணத்தையொட்டி எழுந்த பூசலில் மாலத்தீவைப் புறக்கணிக்கும் குரல்கள் இந்தியாவில் ஓங்கின. 2023இல் சுமார் 2.09 லட்சமாக இருந்த இந்தியப் பயணிகள் 2024இல் சுமார் 1.3 லட்சமாகக் குறைந்தனர். எனினும் சீனர் முதலிடம் பிடிக்க, அவ்வாண்டின் மொத்த வருகை 20 லட்சத்தைக் கடந்தது.

சீஷெல்ஸ் வேறு வழி கண்டது: நிலப்பரப்பில் ஏறத்தாழ பாதியைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக வைத்து, கூட்டத்தைவிட இயற்கையையே முன்னிறுத்துகிறது. மொரிசியஸ், ரீயூனியன், மடகாஸ்கர் முதலியவற்றோடு சேர்ந்து 2010இல் ‘வெனிலா தீவுகள்’ என்ற கூட்டு அடையாளத்தையும் அது உருவாக்கியது. ஆனால் தீவுகளுக்கிடையிலான விமானக் கட்டணம் குறையாதவரை, ஒரே பயணத்தில் பல தீவுகளைக் காணும் திட்டம் பெரும்பாலோருக்கு எட்டாததே. இவற்றுள் உள்ளூர் மக்களையே விடுதி உரிமையாளராக்கிய மாலத்தீவின் 2009ஆம் ஆண்டு முடிவுதான், எந்த விளம்பரத்தையும்விடப் பயனுள்ள பதிலாக அமைந்தது.