சிவன்மலைக் குருந்தக்கல்: அது பிறந்த விதமும், வேலை நின்ற காரணமும்

அவிநாசியிலிருந்து திருப்பூர் செல்லும் சாலையில் திருமுருகன்பூண்டியைக் கடப்போர் உளியோசை கேளாமற் செல்வது அரிது. கருங்கல்லில் தெய்வத் திருவுருவங்களைச் செதுக்கும் சிற்பிகள் இவ்வூரில் தொழில் நடத்தி வருகின்றனர். உருவம் அமைந்த பின்னர் அதன் முகத்தையும் மார்பையும் சாணைக்கல்லாற் தேய்த்து மெருகிடுவது வழக்கம். கல்லைத் தேய்க்க வேண்டுமானால் அக்கல்லினுங் கடினமான பொருள் ஒன்று வேண்டுமென்பது யாவருமறிந்ததே. அப்பொருள் இக்காலத்தில் ஆலைகளிற் செய்யப்பட்டு, சக்கரமாகவும் கட்டியாகவும் கடைகளில் விற்கப்படுகின்றது. சிற்பிகள் அதனைக் ‘கார்போரண்டம் கல்’ என்று அழைப்பர்.

இவ்வூருக்குத் தென்கிழக்கே, திருப்பூரைக் கடந்து, காங்கேயத்தை அடுத்துள்ள சிவன்மலையைச் சுற்றிலும் இதே வேலைக்குரிய இயற்கைக் கல் ஒன்று உண்டு. அதற்குக் குருந்தக்கல் என்று பெயர். முன்னாளில் இக்கல்லுக்காகத் தோண்டிய குழிகள் பின்னர்க் கைவிடப்பட்டன. கல் தீர்ந்துபோனமையால் வேலை நின்றதன்று. பூமியில் பொருளிருந்தும் தொழில் நில்லாமற் போனது எவ்வாறு என்பது, கிராமங்களில் கைத்தொழில் நடத்துவோர் யாவரும் அறிந்துகொள்ளத்தக்க விஷயமாகும்.

கல்லின் குணமும் பெயரும்

குருந்தம் என்பது அலுமினியம் என்னும் உலோகமும் பிராணவாயுவும் சேர்ந்தமைந்த பொருள். நூறு பங்கு எடையில் சுமார் 53 பங்கு அலுமினியமும் 47 பங்கு பிராணவாயுவும் அடங்கியிருக்கும். கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வகுத்துக் காட்டும் முறையை மோஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1812-ம் வருஷத்தில் ஏற்படுத்தினார். அம்முறைப்படி வைரத்துக்கு 10, குருந்தத்துக்கு 9, வெங்கச்சங்கல்லுக்கு 7. ஆகவே இயற்கையிற் சாதாரணமாகக் கிடைக்கும் கற்களுள் வைரம் நீங்கலாகக் குருந்தத்தைக் கீறவல்லது வேறில்லை.

மாணிக்கமும் நீலமும் இக்குருந்தத்தின் உயர்ந்த வகைகளே. சிறிதளவு குரோமியம் கலந்து, ஒளி ஊடுருவும்படி அமைந்தது மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் சிறிது கலந்து நீலநிறம் பெற்றது நீலம். ஒளி புகாது, மங்கிய நிறத்தோடு கிடைப்பது சாதாரணக் குருந்தம். அரசர் முடியில் ஏறிய கல்லும், கத்திக்குச் சாணை பிடிக்கும் கல்லும் ஒரே குலத்தில் உதித்தவை என்றறிதல் வியப்பைத் தரும்.

ஐரோப்பியர் இக்கல்லுக்கு வழங்கும் ‘கொரண்டம்’ என்னும் பெயர் நம் நாட்டுச் சொல்லின் திரிபேயாகும். சார்லஸ் கிரேவில் என்னும் ஆங்கிலேயர் இக்கல்லைக் குறித்து எழுதிய கட்டுரையை லண்டன் ராயல் சொஸைட்டி 1798-ம் வருஷத்தில் வெளியிட்டது. அதன் பின்னரே மேல்நாட்டு அறிஞரிடையே அச்சொல் நிலைத்தது.

கல் பிறந்த விதம்

சிவன்மலைப் பாறை, பூமியின் ஆழத்தில் உருகிய குழம்பாயிருந்து, மெல்லக் குளிர்ந்து இறுகியது. அது சுமார் 60 கோடி வருஷங்களுக்கு முன் நிகழ்ந்ததென்று, பாறையிலுள்ள ஸிர்க்கான் என்னும் சிறு மணிகளைச் சோதித்து அறிஞர் கணக்கிட்டுள்ளனர். அதன் மேலிருந்த பாறைகளைக் காற்றும் மழையும் நெடுங்காலம் அரித்தமையால், ஆழத்திற் பிறந்தது இன்று மலையாகத் தோன்றுகிறது.

கருங்கல் என்று நாம் வழங்கும் பாறைகளிற் பெரும்பாலானவற்றில் சிலிகா என்னும் மணற்சத்து மிகுதியாக உண்டு. பாறைக்குழம்பிலுள்ள அலுமினா, அந்த மணற்சத்தோடும், ஸோடா, பொட்டாஷ் முதலிய காரங்களோடும் கூடி ஃபெல்ஸ்பார் என்னும் வெளிறிய அல்லது செந்நிறக் கல்லாக மாறிவிடும். மணற்சத்து மிஞ்சினால் அது வெங்கச்சங்கல்லாகத் தனித்து நிற்கும். சிவன்மலைக் குழம்பிலோ மணற்சத்து குறைவு. ஆதலின் அங்கே வெங்கச்சங்கல்லுக்கு இடமில்லை. காரங்கள் மிகுந்த இடத்தில் நெஃபலின் என்னும் கல் உண்டாயிற்று. காரங்கள் குறைந்து அலுமினா மிஞ்சிய இடத்தில், கூடுதற்குத் துணையின்றி நின்ற அலுமினா தானே குருந்தமாகப் படிந்தது.

பந்தியில் பரிமாறுவதை இதற்கு ஒப்பிடலாம். சோறும் குழம்பும் அளவாக இருந்தால் இரண்டும் ஒருங்கே செலவாகும். குழம்பு குறைந்தால் சோறு மிஞ்சும். மிஞ்சிய சோறு போன்றதே பாறையில் மிஞ்சிய அலுமினா. இவ்வுண்மையினின்றும் ஒரு பயன் உண்டு. இத்தகைய பாறையில் வெங்கச்சங்கல்லும் குருந்தமும் ஒரு கல்லில் அடுத்தடுத்து இருப்பதில்லை. வெங்கச்சங்கல் ஓடிய பாறையைப் பிளந்து குருந்தம் தேடுவது வீண் உழைப்பாகும்.

பழங்காலத்து வேலை

நொய்யலாற்றின் வடகரையிலுள்ள கொடுமணலில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985-ம் வருஷம் முதல் நடத்திய அகழ்வாராய்ச்சியில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மணித்தொழிற் கூடங்கள் வெளிப்பட்டன. பெரில், நீலம், படிகம் முதலிய கற்களை அங்கே அறுத்து, துளையிட்டு, மெருகிட்டிருக்கின்றனர். பதிற்றுப்பத்தில் அணிகலன்களுக்குப் பெயர்பெற்றதாகக் கூறப்படும் கொடுமணம் இவ்வூரே என்பது அறிஞர் கருத்து. திருப்பூர்–காங்கேயம் சாலையிலுள்ள படியூரில் கடல்நீர் நிறமுடைய பெரில் கல் கிடைத்தது. ஹீத் என்னும் ஆங்கிலேயர் 1819, 1820 வருஷங்களில் அங்கே சுரங்கம் தோண்டி அக்கல்லை எடுத்தார். அதுவும் பின்னர்க் கைவிடப்பட்டது.

சாதாரணக் குருந்தத்தை எடுத்த முறை மிக எளியது. ஃபெல்ஸ்பார் வெயிலாலும் மழையாலும் நாளடைவில் உதிர்ந்து மண்ணாகும், குருந்தம் உதிராது. ஆகவே மழைக்குப் பின் உழுத நிலத்தில் அறுமுகமுடைய மணிகளாக அது வெளிப்படும். அதனைப் பொறுக்குவதே முதல் வேலை. மேற்பரப்பிற் கிடையாதபோது ஆழமில்லாக் குழிகள் வெட்டி, பாறையைச் சம்மட்டியால் உடைத்து, மணிகளைப் பிரித்தெடுத்தனர். மைசூர் சமஸ்தானத்திலும் சேலம் ஜில்லாவிலும் நடந்த வேலையும் இத்தகையதே.

எடுத்த கல்லை இடித்து மாவாக்கி, உருக்கிய அரக்கோடு கலந்து வட்டமாக வார்த்தால் சாணைச் சக்கரமாகும். தோல்வாரால் இழுத்துச் சுழற்றப்பட்ட இச்சக்கரமே ஆயுதங்களுக்குக் கூர் தந்தது. இரத்தினங்களுக்குப் பட்டை தீட்டியதும் இதுவே.

துரைத்தனத்தாரின் ஆராய்ச்சி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மேல்நாட்டு இயந்திரசாலைகள் பெருகவே, சாணைப் பொருள்களுக்குத் தேவை மிகுந்தது. இந்திய பூகர்ப்ப சர்வே இலாகாவைச் சேர்ந்த மிடில்மிஸ் என்பவர் சேலம், கோயமுத்தூர் ஜில்லாக்களில் குருந்தம் உள்ள இடங்களைப் பார்வையிட்டுக் குறிப்பெழுதினார். அதே இலாகாவைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் 1898-ம் வருஷத்தில் இந்தியக் குருந்தத்தைப் பற்றித் தனிநூல் ஒன்றும், 1901-ம் வருஷத்தில் சிவன்மலைப் பாறைகளைப் பற்றி விரிவான ஆராய்ச்சி ஒன்றும் வெளியிட்டார். அக்காலத்தில் சிவன்மலை கோயமுத்தூர் ஜில்லாவில் தாராபுரம் தாலுகாவைச் சேர்ந்திருந்தது. 2009-ம் வருஷம் முதல் திருப்பூர் மாவட்டத்திலுள்ளது. ஹாலண்டின் ஆராய்ச்சியால் ‘சிவமலைத் தொகுதி’ என்னும் பெயர் உலகத்துப் பூகர்ப்ப சாஸ்திரிகள் யாவருக்கும் பரிச்சயமாயிற்று. ஆயினும் சாஸ்திரத்தில் பெற்ற புகழுக்கு ஈடான வியாபாரம் ஏற்படவில்லை.

வேலை நின்ற காரணம்

காரணங்கள் நான்கு. முதலாவது, பாறை முழுவதும் குருந்தமன்று. ஃபெல்ஸ்பாரில் ஆங்காங்கே பதிந்த மணிகளைக் கையால் உடைத்தெடுக்க உழைப்பு அதிகம், பலன் சொற்பம். இரண்டாவது, உடைத்த கல்லில் ஃபெல்ஸ்பார் ஒட்டிக்கொண்டே வந்தது. மென்மையான கல் கலந்த பொடியாற் செய்த சக்கரம் சீராகத் தேய்க்காது. மூன்றாவது, தரம் பிரித்தல் இல்லை. இயந்திரசாலைக்காரர் ஓர் அங்குலத்துக்கு இத்தனை கண்ணுள்ள சல்லடையில் சலித்த பொடி வேண்டுமென்று எண்ணிட்டுக் கேட்பர். 60-ம் எண் பொடியில் ஒரு பருமணி கலந்தாலும் மெருகிட்ட பொருளில் கீறல் விழும். பொறுக்கிய குடியானவரோ பெரிதும் சிறிதும், நல்லதும் தீயதும் ஒன்றாய்க் குவித்துத் தனித்தனியே விற்றனர். அவ்வாறு விற்பவருக்கு வியாபாரி சொன்னதே விலை.

இம்மூன்றும் நீக்கக்கூடிய குறைகளே. கனடா தேசத்து ஒன்டாரியோ மாகாணத்தில், சிவன்மலையைப் போன்றே மணற்சத்துக் குறைந்த பாறையில் குருந்தம் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே கிரெய்க்மான்ட் என்னுமிடத்தில் 1900-ம் வருஷத்தையொட்டி ஆலை நிறுவினர். பாறையை இயந்திரத்தால் அரைத்து, நீரோட்டத்தில் அலசி, கனமான குருந்தத்தை இலேசான ஃபெல்ஸ்பாரினின்று பிரித்து, சலித்துத் தரம் வகுத்து விற்றனர். அவ்வாலை உலகிலேயே பெரிய குருந்த ஆலையாக விளங்கியது.

நான்காவது காரணம் அவர்களையும் விடவில்லை. அமெரிக்காவில் அச்சிசன் என்பவர் 1891-ம் வருஷத்தில் களிமண்ணையும் கரியையும் சேர்த்து மின்சாரத்தால் காய்ச்சி, குருந்தத்தினுங் கடினமான மணிகளைக் கண்டார். அது கரியும் குருந்தமும் கூடிய பொருளென்று கருதி, ‘கார்போரண்டம்’ என்று பெயரிட்டார். உண்மையில் அது கரியும் சிலிக்கனும் சேர்ந்தது. எனினும் பெயர் நிலைத்துவிட்டது. பின்னர் பாக்ஸைட் மண்ணை மின்சார உலையில் உருக்கிக் குருந்தத்தையே செய்யும் முறையும் வந்தது. நயாகரா நீர்வீழ்ச்சியின் மலிவான மின்சாரத்தால் இவை ஏராளமாகச் செய்யப்பட்டன. உலையில் செய்த பொருள் ஆண்டு முழுவதும் ஒரே தரமாயிருக்கும். 1913-ம் வருஷத்தில் கிரெய்க்மான்ட் ஆலை தீக்கிரையானது. இயற்கைக் குருந்தத்தின் வியாபாரமும் உலகெங்கும் சுருங்கியது. சென்னையிலும் 1954-ம் வருஷத்தில் கார்போரண்டம் யுனிவர்ஸல் என்னும் கம்பெனி தொடங்கிச் செயற்கைச் சாணைக்கற்களைச் செய்யலாயிற்று. குருந்தம் என்ற நம் நாட்டுச் சொல், இயற்கைக் குருந்தத்தை வென்ற பொருளின் பெயருக்குள்ளேயே இன்றும் ஒளிந்திருக்கிறது.

ஐக்கியத்தால் தீரும் குறையும், தீராத குறையும்

குடியானவர்கள் சங்கமாகக் கூடியிருந்தால், பொதுவில் ஓர் அரைவை இயந்திரம் வாங்கி, அலசிச் சலித்து, ஒரே முத்திரையின் கீழ் விற்று முதல் மூன்று குறைகளையும் நீக்கியிருக்கலாம். சில வருஷங்கள் நல்ல விலையும் பெற்றிருக்கலாம். நான்காவது குறையை எந்தச் சங்கமும் நீக்கியிராது. எனவே, ஒரு தொழில் தளரும்போது, அதன் குறை தனித்தனியே விற்பதாலும் தரம் பிரியாமையாலும் வந்ததா, அல்லது அப்பொருளுக்கே மாற்று வந்துவிட்டதா என்று முதலில் ஆராய்தல் வேண்டும். முன்னதாயின் ஐக்கியமே மருந்து. பின்னதாயின், மேலும் கடன் வாங்கி அதிலேயே முடக்காமல், உழைப்பை வேறு தொழிலுக்கு மாற்றுவதே விவேகம்.

மின்சாரம் ஒரு தொழிலை அழித்தது மட்டுமன்று. 1932-ம் வருஷத்தில் பைக்காரா நீர்மின் திட்டம் தொடங்கியபின், அம்மின்சாரத்தைக் கொண்டே கோயமுத்தூர்ப் பிரதேசத்தில் நூல் ஆலைகள் செழித்தன. திருப்பூர்ப் பனியன் தொழிலும் மின்சாரத்தையே பற்றி வளர்ந்தது. குருந்தக் குழிகளைப் பயனற்றவையாக்கிய சக்தியே அதே சீமையில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் பிழைப்பளித்தது.

நிலமுடையோர் அறிய வேண்டியவை

காங்கேயம் வட்டாரத்தில் நிலத்திற் செந்நிறக் கல்லொன்று அகப்பட்டால், அது மாணிக்கமென்று ஆசை கொள்ளுதல் இயல்பு. அதனை வீட்டிலேயே சோதிக்கலாம். கல்லை நூலிற் கட்டி முதலில் காற்றிலும், பின்னர் நீரில் முழுகும்படியும் நிறுக்க வேண்டும். காற்றில் 40 கிராம் உள்ள குருந்தம் நீரில் சுமார் 30 கிராம் இருக்கும். வெங்கச்சங்கல்லோ 25 கிராம்தான் இருக்கும். கார்னெட் என்னும் சிவப்புக் கல்லும் ஏறக்குறைய குருந்தத்தின் எடையே காட்டுமாதலால், வடிவத்தையும் நோக்குக. கார்னெட் பல முகங்களோடு உருண்டையாயிருக்கும். குருந்தம் ஆறு பக்கங்களோடு, நடு பருத்த பீப்பாய் போலிருக்கும். கண்ணாடியைக் கீறுவதைக் கொண்டு ஏமாறலாகாது. வெங்கச்சங்கல்லும் கண்ணாடியைக் கீறும். குருந்தமே என்று தெரிந்தாலும், அதில் ஒளி ஊடுருவாவிடில் இரத்தின விலை கிடையாது.

தம் சொந்த நிலமேயாயினும், 1957-ம் வருஷத்துச் சுரங்கச் சட்டப்படி உரிய அனுமதியும் குத்தகையுமின்றிக் கனிமம் தோண்டுதல் குற்றமாகும். பழைய குழிகள் உள்ள நிலத்துக்குரியவர் அவற்றைச் சுற்றி முள்வேலியிட்டு, ஆடுமாடுகளும் குழந்தைகளும் தவறி விழாமற் காத்தல் கடமை. இரத்தினம் கிடைக்குமென்ற நம்பிக்கையில் நிலத்தை அடகு வைத்துத் தோண்டுவோர், குழியை மட்டுமன்றிக் கடனையும் தம் மக்களுக்கு விட்டுச் செல்ல நேரும். அறுபது கோடி வருஷம் பூமியிற் கிடந்த கல் இன்னும் சிலகாலம் கிடப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை.