தார்ச்சாலை வளர்க்கும் பாலைவனப் பூக்கள்

அமெரிக்காவின் தென்மேற்கில் மோஹாவி, சொனோரா ஆகிய பாலைவனங்களை ஊடறுத்துச் செல்லும் நெடுஞ்சாலைகளின் ஓரங்கள், குளிர்கால மழை நன்கு பெய்த ஆண்டுகளில், பிப்ரவரி பிற்பகுதி முதல் ஏப்ரல் வரை மஞ்சளும் ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்துவிடுகின்றன. பூப்பு வழக்கத்தை மீறிப் பெருகும் ஆண்டுகளை நாளிதழ்கள் ‘சூப்பர்புளூம்’ என்று அழைக்கின்றன. அதற்குத் தாவரவியலில் அளவுகோல் எதுவும் இல்லை.

இப்பூக்களில் பெரும்பாலானவை ஓராண்டுத் தாவரங்களுக்கு உரியவை; அதாவது, முளைத்துப் பூத்து விதையிட்டுச் சில மாதங்களுக்குள் மடிந்துவிடும் செடிகள். வறட்சியைத் தாங்கும் திறன் அவற்றுக்கு இல்லை என்பதால், விதையாக மண்ணில் உறங்கியே அதைக் கடக்கின்றன. கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ஃபிரிட்ஸ் வென்ட், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மண்ணைக் கீழிருந்து நனைத்தால் முளைக்காத பாலை விதைகள் மேலிருந்து மழைபோல் நீர் பொழிந்தால் முளைப்பதைக் கண்டார். முளைப்பதைத் தடுக்கும் வேதிப்பொருள்களைக் கழுவிச் செல்லும் அளவுக்கு மழை பெய்தாக வேண்டும் என்பது அவர் தந்த விளக்கம். அப்போதும் எல்லா விதைகளும் முளைப்பதில்லை. அடுத்த போகத்துக்கு விதைநெல்லைக் கோட்டை கட்டி வைக்கும் உழவரைப் போல, ஒரு பகுதியை மண்ணிலேயே நிறுத்திவைக்கும் இந்த உத்தியின் பயனை 1966இல் டான் கோஹென் என்ற ஆய்வாளர் கணித மாதிரியாக வகுத்தார்.

ஆண்டுக்குச் சராசரியாக 50 மில்லிமீட்டர் அளவே மழை பெறும் டெத் வேலி தேசியப் பூங்காவில் 1998, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் பெரும் பூப்பு நிகழ்ந்தது. 2015 அக்டோபரில் அங்கே பெருவெள்ளத்தை உண்டாக்கிய மழையே, சில மாதங்கள் கழித்து, கடல்மட்டத்துக்கும் தாழ்ந்த பேட்வாட்டர் சாலையின் இருமருங்கிலும் ‘பாலைப்பொன்’ எனப்படும் சூரியகாந்திக் குடும்பச் செடிகளை நிரப்பியது. பூப்பு தாழ்நிலங்களில் தொடங்கி, வெப்பம் ஏற ஏற மலைச்சரிவுகளுக்கு நகர்வதால், ஏப்ரலில் செல்பவர் மேட்டுச் சாலைகளைத் தேர்ந்துகொள்வது நல்லது.

காரின் கண்ணாடி வழியே பார்ப்பவர் பெரிதும் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. தார்ப்பரப்பு நீரை உறிஞ்சாததால், சாலையின் முழு அகலத்திலும் விழும் மழை வழிந்து ஓரத்துக் குறுகிய மண்பட்டையில் சேர்கிறது. எனவே அங்குள்ள செடிகள் தமக்குரிய மழையைவிடப் பன்மடங்கு நீரைப் பெறுகின்றன. சற்றே வறண்ட ஆண்டில்கூட லூபின் செடிகள் சாலையை ஒட்டி வரிசையாகப் பூத்திருக்க, சிறிது தொலைவில் நிலம் வெறுமையாய்க் கிடப்பதன் காரணம் இதுவே. சாலையோரத்தை மட்டும் கண்டு அந்த ஆண்டின் பூப்பை மதிப்பிடுவது, ஆகவே, பெரும்பாலும் மிகைமதிப்பீடாகவே முடியும்.

இதே வழிநீர் வேண்டாத விருந்தாளியையும் வளர்க்கிறது. வட ஆப்பிரிக்காவிலும் மத்தியக் கிழக்கிலும் தோன்றிய சகாரா கடுகு, நனைந்ததும் பசைபோல் ஒட்டும் தன்மையுள்ள விதைகளை ஆயிரக்கணக்கில் உதிர்ப்பதால், வாகனங்களில் ஒட்டிக்கொண்டு நெடுஞ்சாலை வழியே பரவி, உள்ளூர்ச் செடிகளுக்கு முன்பே முளைத்து நீரையும் ஒளியையும் கவர்ந்துகொள்கிறது. மனிதக் கால்களும் தீங்கில் குறைந்தவை அல்ல, ஏனெனில் விதை முற்றுவதற்கு முன் மிதிபடும் ஓராண்டுச் செடி மண்ணின் விதைச் சேமிப்புக்கு எதையும் விட்டுச் செல்வதில்லை. பாலைவனத்துக்கு வெளியே, 15ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டிய வாக்கர் கேன்யன் பள்ளத்தாக்கில், 2019 மார்ச்சில் பாப்பி மலர்களைக் காணத் திரண்ட கூட்டத்தில் லேக் எல்சினோர் நகரமே திணறியது. 2023இல் மீண்டும் பூப்பு வந்தபோது, நகர நிர்வாகம் அப்பகுதியைப் பார்வையாளர்களுக்கு முற்றிலுமாக மூடிவிட்டது.